கட்டை விரலில் ஒரு கட்டு

ஏரிக்கரைப் பூங்காவின் கழிப்பறையிலிருந்து மூன்றாவது முறையாக உடை மாற்றிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது, அவள் கணவன் பெஞ்சில் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான். மடியில் செல்போன், காலடியில் துணிப்பை.

"என்னங்க, எழுந்திருங்க. மூணாவது வாரம் ரெடி."

அவன் அடித்துப் பிடித்து எழுந்தான். "பாலத்துப் பக்கம் நிக்காதே. பாலம் முதல் வாரத்துலயே வந்துடுச்சு. மரத்துக்கிட்ட போ. கொஞ்சம் சிரி."

"வாய் வலிக்குதுங்க."

"இன்னும் ஒரு வாரம்தான். சிரிச்சுடு."

அன்றைக்கு ஒரே நாளில் ஒரு மாதத்துக்கான சிரிப்பைச் சிரித்துவிட்டு, திரும்பும் பஸ்ஸில் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கிப்போனார்கள். இறங்க வேண்டிய நிறுத்தம் தாண்டிப் போனதுகூடத் தெரியவில்லை.

கல்யாணமான கையோடு அவளுக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்து இந்த நாட்டுக்கு வந்தவர்கள். அவளுக்காக அவன் கையிலிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு வந்தான். "பொண்டாட்டி படிக்க, புருஷன் பெட்டி தூக்கப் போறானாம்" என்று அவன் சித்தப்பா ஒரு விசேஷம் விடாமல் சொல்லிச் சிரித்தார். சித்தப்பாவின் வாய் முகூர்த்தமோ என்னவோ, அவனுக்குக் கிடைத்தது ஒரு கிடங்கில் பெட்டி தூக்கும் இரவு வேலைதான். அதை ஊரில் யாரிடமும் அவன் சொல்லவில்லை.

இருவருக்கும் இருந்தது ஒரே கட்டில், அதுவும் முறை வைத்து. காலையில் அவள் எழுந்த போர்வையின் சூடு ஆறுமுன் அவன் வந்து புகுந்துகொள்வான். அவள் இறங்கும் மாடிப்படியில் அவன் ஏறுவான். சாயங்காலம் அதே படியில் அவள் ஏறுவாள், அவன் இறங்குவான். "சாப்பிட்டியா?", "சாதம் இருக்கு", "கேஸை அணைச்சாச்சா?" இதற்கு மேல் குடும்பம் நடத்தப் படிக்கட்டில் இடமில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறுதான் அவனுக்கு முழு விடுமுறை. அந்த ஒரு நாளையும், வாரத்துக்கு ஒன்றாக ஊருக்கு அனுப்ப எடுத்து வைக்கும் படங்கள் தின்றுகொண்டிருந்தன.

அத்தை, அதாவது அவன் அம்மா, அந்தப் படங்களை வைத்துத்தான் சித்தப்பாவிடம் மல்லுக்கு நின்றாள். "பாருங்க, வாரா வாரம் ஊர் சுத்துறாங்க, ராஜாவும் ராணியும் மாதிரி!" ஒரு வாரம் படம் வராவிட்டால் அத்தை வாயடைத்துப் போவாள். சித்தப்பா வாயைத் திறப்பார்.

அடுத்த விடுமுறைக்கு முந்தின நாள் துணிப்பையில் சுடிதார்களை மடித்து வைக்கும்போது அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

"நாளைக்கு ஒரு நாள் வீட்டுலயே இருக்கலாம்ங்க. உங்க முகத்தைப் பார்த்துப் பேசணும்போல இருக்கு."

"ஸ்டாக் தீர்ந்துடுச்சும்மா. இன்னிக்குக் காலையிலதான் கடைசிப் படத்தை அனுப்பினேன். நாளைக்கு எடுத்தாதான் உண்டு."

"என்னைவிட உங்க சித்தப்பாதான் முக்கியம், இல்ல?"

அவன் பதில் சொல்லுமுன் செல்போன் அடித்தது. வீடியோவில் அத்தை, முகமெல்லாம் கவலையாக.

"அம்மாடி, அந்தக் கட்டை விரலைக் காட்டு."

"எதுக்கு அத்தை?"

"எதுக்காவா? நானும் பார்த்துட்டே இருக்கேன், நாலு வாரமா கட்டு அப்படியே இருக்கு. இவ்வளவு நாள் ஆறாத காயம் இருக்குமா? சர்க்கரை கிர்க்கரை இருக்கான்னு பார்த்தீங்களா? எனக்குச் சோறு இறங்கல."

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உடையை மாற்றினார்கள், பின்னலை மாற்றினார்கள், பாலத்தையும் மரத்தையும்கூட மாற்றினார்கள். விரலில் இருந்த கட்டு இருவர் கண்ணிலும் படவில்லை. வேறு வழியில்லாமல் அவள் விரலை நீட்டினாள்.

"என்னடி இது, தழும்புகூட இல்ல! காலையில வந்த படத்துல கட்டு இருந்துச்சே?"

"இங்க மருந்து அப்படிம்மா" என்று அவன் முந்திக்கொண்டான்.

"அப்போ அந்த மருந்துல ரெண்டு டப்பா அனுப்பு. உங்க சித்தப்பா முட்டிக்குத் தடவிப் பார்க்கலாம்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்போடு கண்ணீரும் வந்துவிட்டது. "எல்லாம் ஒரே நாள்ல எடுத்தது அத்தை. நாங்க எங்கயும் போறதில்ல. இவர் ராத்திரி பூரா பெட்டி தூக்குறார். பகல்ல தூங்குறார். நாங்க உட்கார்ந்து பேசியே எத்தனையோ நாளாச்சு."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தப் பக்கம் அத்தை செல்போனை முகத்தருகே இழுத்துக்கொண்டாள்.

"ஏன்டா," என்றாள், "இந்தப் பொண்ணைக் கட்டி வச்சது போட்டோ எடுக்கவாடா?"

"சித்தப்பா கேட்டா என்னம்மா சொல்றது?"

"என் பிள்ளை பெட்டி தூக்கித்தான் பொண்டாட்டியைப் படிக்க வைக்கிறான்னு நானே சொல்றேன். அவர் பெத்தது சோபாவை விட்டே எழுந்திருக்கல, அதை முதல்ல எழுப்பச் சொல்லு! நாளைக்கு எங்கயும் போகக் கூடாது. நல்லாத் தூங்குங்க. எழுந்து பேசுங்க."

மறுநாள் இருவரும் எழுந்தபோது உச்சி வெயில் ஜன்னலுக்கு வந்திருந்தது. துணிப்பை கட்டியது கட்டியபடி கதவோரம் கிடந்தது. அவன் டீ போட்டுக் கொண்டுவந்தான். கட்டிலில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேச ஆசைப்பட்டவளுக்கு முதலில் வந்தது கொட்டாவிதான். அதைப் பார்த்து அவனுக்கும் வந்தது.

பிறகு அவன் அவள் கையை எடுத்து, கட்டை விரலைத் தடவிப் பார்த்தான்.

"எப்படி வெட்டிக்கிட்டே? நான் கேக்கவே இல்லையே."

"ஒரு லீவு நாள்ல, வெங்காயம் நறுக்கும்போது. நல்ல ரத்தம். நீங்க அசந்து தூங்கிட்டிருந்தீங்க, எழுப்ப மனசு வரல."

"எழுப்பியிருக்கலாம்ல?"

"இப்பதான் எழுந்துட்டீங்களே" என்று அவள் டீயைக் கீழே வைத்துவிட்டு, அவன் தோளில் சாய்ந்தாள். "சொல்றேன், கேளுங்க. அன்னிக்குக் கத்தியும் மொட்டை, நானும் அரைத் தூக்கம்..."