சுவர் விழுங்கிய கோட்டுக் கை

கோட்டின் இடது கையைக் காணவில்லை. தையல்காரம்மா மேசைக்கு அடியிலும் துணி மூட்டையிலும் துழாவிவிட்டார். நாளைக்குக் கொடுத்தாக வேண்டிய கோட்டு. ஒரு வாரமாக ஓயாத தலைவலி, சாயங்காலமானால் கிறுகிறுப்பு. இப்போது மறதியும் சேர்ந்துகொண்டதோ என்று அவருக்கே பயம் வந்துவிட்டது.

பஸ் டிரைவரான அவருடைய கணவர், ஜன்னல் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். குளிர்காலம் பிறந்தால் போதும், மனிதருக்கு இந்தக் கிறுக்குப் பிடித்துவிடும். அக்கம்பக்கத்தில் ‘டேப் மாமா’ என்றுதான் பெயர்.

“என்னங்க, மூச்சு முட்டுது. கொஞ்சம் ஜன்னலத் தொறங்களேன்.”

“தொறந்தா ஒட்டினதெல்லாம் வீணாப்போயிடும். நாள் பூரா மெஷின்ல குனிஞ்சு கெடந்தா தல வலிக்கத்தான் செய்யும்.”

மனைவி சொன்னால் காதில் ஏறாது, அதையே வெளியாள் சொன்னால் தலையாட்டுவார்கள். இந்த வியாதி இல்லாத வீடு எது?

தையல்காரம்மா யோசித்தார். காய்கறிக் கடைக்குப் போனால் வலி விட்டுவிடுகிறது, கேஸ் ஹீட்டர் எரியும் வீட்டுக்குள் வந்ததும் பிடித்துக்கொள்கிறது. அப்புறம் அவர் யாரையும் கேட்கவில்லை. ஹீட்டரை அணைத்தார், டேப்பைக் கிழித்து ஜன்னலை அகலத் திறந்தார், ஹீட்டர் மெக்கானிக்குக்குப் போன் போட்டார்.

மெக்கானிக் வந்ததும் சுவரின் மேல்பக்கத்தை அண்ணாந்து பார்த்தான்.

“இங்க காத்து வர்ற ஓட்டை ஒண்ணு இருக்கணுமே?”

ஸ்டூலில் ஏறி டேப்பை உரித்து, உள்ளே கைவிட்டு இழுத்தான். சாம்பல் நிறக் கம்பளித் துணி நீளமாக வந்தது, மூன்று பட்டன்களோடு.

“என் கோட்டுக் கை!”

“வேஸ்ட் துணின்னு நெனச்சேன்…” என்று டிரைவர் மென்று விழுங்கினார்.

“அண்ணே, இந்த ஓட்டைய அடைச்சா ஹீட்டர் சரியா எரியாது. விஷவாயு வீட்டுக்குள்ளயே தங்கிடும், வாசனகூட வராது. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அக்கா உசுரோட இருந்திருக்க மாட்டாங்க. மொதல்ல டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க.”

டிரைவர் கையிலிருந்த டேப்பைக் கீழே வைத்தார். “அப்ப குளிருக்கு என்னதான் பண்றது?” என்றார்.

தையல்காரம்மா ஒரு நூலை எடுத்துக் கதவின் அடியில் பிடித்தார். உள்ளே வந்த குளிர்காற்றில் நூல் ஆட்டமாய் ஆடியது.

“இதத்தான் அடைக்கணும். அத இல்ல.”

டாக்டரிடம் போய் வந்த கையோடு, வெட்டுத்துணிகளைத் திணித்து நீளமாக ஓர் உருளை தைத்துக் கதவடியில் போட்டார். பழுது பார்த்த ஹீட்டர் நீல நிறத்தில் எரிந்தது. வீடு கதகதத்தது, தலைவலி போன இடம் தெரியவில்லை. மறுநாள் கோட்டு இரண்டு கைகளோடும் கம்பீரமாக வீட்டைவிட்டுப் போனது.

அடுத்த வாரம் எதிர்வீட்டுக்காரர் வந்தார். “டேப் மாமா, சுவத்து ஓட்டைல குளிரு தாங்கல. டேப் இருக்கா?”

டிரைவர் ஒரு நூல்கண்டை நீட்டினார். “இதப் பிடிச்சுப் பாத்து, நூல் ஆடுற கதவிடுக்கு, ஜன்னலிடுக்க மட்டும் அடைங்க. சுவத்து ஓட்டையத் தொட்டுடாதீங்க, வீடு மூச்சு விடுற வழி அது. வீட்டுல யாராவது மூச்சு முட்டுதுன்னா ஒடனே கேளுங்க. நான் ஓட்டைக்கு முன்னாடி என் காதத்தான் அடைச்சு வச்சிருந்தேன்.”