சனிக்கோளுக்குத் திரும்பின கூரை

கிட்ட வந்து குந்துங்க கண்ணுங்களா. வானத்தைப் பார்க்கறதுக்காக ஒரு கூரையையே தள்ளின சனங்களைப் பத்திச் சொல்றேன்.

திண்டிவனத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத்தோட பழைய வளாகத்துல ஒரு வான்நோக்குக் கூடம் இருக்குது. வெள்ளைக்காரன் காலத்துத் தொலைநோக்கி, மேலே கைக்கு எட்டுற உயரத்துல, சக்கரத்து மேல உருளுற உருண்டைத் தகரக் கூரை. கூரையில நீளமா ஒரு திறப்பு. எந்தப் பக்கம் பார்க்கணுமோ, கூரையைத் திருப்பித் திறப்பை அந்தப் பக்கம் கொண்டு வரணும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ஞ்சா யார் வேணாலும் வந்து பார்க்கலாம்.

புரட்டாசி கடைசி வெள்ளியில, மரக்காணம் பக்கத்துக் குப்பத்துல இருந்து பவுனு தன் புருஷன் ராஜவேலுவைக் கையைப் பிடிச்சுக் கூட்டிக்கினு வந்தா. நட்சத்திரத்தை வெச்சே கரை திரும்பின ஆளு அவர். இப்போ ஒரு கண்ணு போயிடுச்சு. இன்னொண்ணும் தை வரைக்கும் தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். கடல்ல தெனம் பார்த்த சனிக்கு வளையம் இருக்குதுன்னு ரேடியோவில கேட்டதுல இருந்து, அதைப் பார்த்துடணும்னு அவருக்கு ஆசை.

சனி கிழக்கே ஏறிடுச்சு. கூரைத் திறப்போ மேற்கே பார்த்துக்கினு அசையாம நிக்குது.

கூடத்தைக் கவனிக்கிற கிருஷ்ணவேணி காவலாளியைக் கேட்டாங்க. "தாண்டவராயண்ணே, சக்கரத்துக்கு என்னத்த ஊத்துனீங்க?"

"கீச்சுகீச்சுன்னு கத்துச்சும்மா. நம்ம வீட்டு மல்லாட்டை எண்ணெய்தான். சுத்தமான செக்குக் கடலை எண்ணெய்."

"அது பிசினா இறுகிப்போச்சுண்ணே."

"கடுகு தாளிச்சு ஊத்தியிருந்தா வாசனையாவது வந்திருக்கும்," என்றது பார்க்க வந்தவங்க வரிசையில ஒரு குரல்.

கிருஷ்ணவேணி ராஜவேலு பக்கம் திரும்பினாங்க. "மன்னிச்சுக்கங்க ஐயா. மழைக்காலம் வரப்போவுது. இனி தையிலதான் திறப்போம்."

பவுனு கூரை விளிம்பைத் தட்டிப் பார்த்தா.

"இது எங்க படகை விடவா கனம்? அதையே மணல்ல தள்றோம். அண்ணே, ஜல்தியா மண்ணெண்ணெய் கொண்டாந்து சக்கரத்துல ஊத்துங்க. மத்தவங்க சுத்தி நின்னு கை வைங்க. ஆளாளுக்குத் தள்ளாதீங்க, நான் சொல்றப்ப மட்டும்."

மண்ணெண்ணெய் ஊத்தியும் முதல் தள்ளலுக்கு அசையலை. ரெண்டாவதுக்கு உள்ளே எதுவோ படக்குன்னு விட்டுச்சு. மூணாவதுல கூரை முனகிக்கினே நகர்ந்துச்சு. தாண்டவராயன் வேர்க்க வேர்க்கத் தள்ளினார். திறப்பு கிழக்கே வந்து நின்னுச்சு.

ராஜவேலு தொலைநோக்கியில கண்ணை வெச்சார். வெச்சவர் எடுக்கவே இல்லை.

"பெருசு, எங்களுக்கும் மிச்சம் வைங்க," என்றது அதே குரல்.

"உருண்டைக்குக் குறுக்கே துடுப்பு செருகினாப்பல இருக்குது பவுனு," என்று சொல்லி நகர்ந்தார் ராஜவேலு. "நீயும் நல்லாப் பார்த்து வெச்சுக்க. பின்னாடி நான் கேட்டா நீதான் சொல்லணும்."

பவுனு நல்லாப் பார்த்துக்கிட்டா.

உங்க வீட்டுலயும் எது இறுகி நின்னாலும் தள்ளிவிடப் பத்து கை கூடி வரட்டும். உங்க வீட்டுக் கண்ணுங்க எல்லாம் தெளிஞ்சு இருக்கட்டும், தாயிங்களா.