ஆசீர்வதித்த கை

குடல்வால் எந்த நேரமும் வெடிக்கலாம் என்ற நிலையில், போதகரான என் அண்ணனை ஆபரேஷன் மேஜையில் படுக்க வைத்திருந்தோம். நர்ஸான நான் கிருமி நீக்கிய கத்திகளைத் தட்டில் அடுக்கி முடித்ததும், அவன் ஆசீர்வதிக்கிறேன் என்று அவற்றின்மேல் வெறுங்கையை வைத்துவிட்டான்.

டாக்டர் பல்லைக் கடித்தார். "எல்லாம் வீண். வேற செட் எடுத்துட்டு வரச் சொல்லுங்க, சீக்கிரம்."

அண்ணனின் வயிறு கல்லாக இறுகியிருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"போன வாரம் நீதானேண்ணா பிரசங்கம் பண்ணினே? பரிசுத்தம் தொட்டா ஒட்டாது, தீட்டுதான் ஒட்டும்னு எபிரேயத் தீர்க்கதரிசி சொன்னாருன்னு."

"அது சபைக்குச் சொன்னதும்மா," என்று முனகினான்.

புதுத் தட்டு வந்தது. எத்தனையோ தலைகள்மேல் வைத்த அந்தக் கையை, யாரும் சொல்லாமலேயே போர்வைக்குள் ஒளித்துக்கொண்டான்.