உள்ளடுக்கு முட்டைகள்

முட்டைக்குள் கண் வந்துவிட்டிருந்தது.

மைக்ராஸ்கோப்பிலிருந்து முகத்தை எடுத்தாள். லென்ஸைத் துடைத்துவிட்டு மறுபடி குனிந்தாள். ஒவ்வொரு முட்டையிலும் பிறை போலக் கறுப்புக் கோடு. வெள்ளிக்கிழமை அங்கே ஒன்றுமில்லை. கண் தெரிவதற்குச் சற்று முந்தைய கருதான் அவளுக்கு வேண்டும். அப்போதுதான் நண்டுக் கருவின் தலையில் முளைத்த நரம்பிழைகள் தொண்டையைச் சுற்றி இறங்கி, நெஞ்சிலிருந்து வரும் இழைகளைத் தொடும். தொடுவதற்கு முன் எடுத்த படம் இருந்தது. தொட்ட பின் எடுத்ததும் இருந்தது. "மாப்பிள்ளை போட்டோ இருக்கு, பிள்ளை போட்டோ இருக்கு. கல்யாண போட்டோ எங்கம்மா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருந்தார் பேராசிரியர்.

தண்ணீரைக் குளிரவைக்கும் கூலரைப் பார்த்தாள். யாரோ நாலு டிகிரி ஏற்றி வைத்திருந்தார்கள். வெதுவெதுப்பு கிடைத்தால் கருவின் வளர்ச்சி நிற்காது, ஓடும்.

"யாரு இதுல கை வச்சது?"

பக்கத்துத் தொட்டிகளில் இறால் குஞ்சு வளர்க்கிறவன் எழுந்து நின்றான். அந்த அறையில் அவன் பெயர் இறால். அவள் நண்டக்கா.

"நான்தாங்க்கா. குஞ்செல்லாம் குளிர்ல சுருண்டு கிடந்துச்சு. உங்க தொட்டிக்கு வேற குழாய்னு நெனச்சேன்."

"நெனச்சியா? கேக்க வாயில்ல?"

"சனிக்கிழமை போன் பண்ணேன். நீங்க எடுக்கல."

உண்மைதான். பல வாரங்களுக்குப் பின் அன்றுதான் போனைக் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தூங்கினாள்.

சினை நண்டு கிடைக்கும் பருவம் முடிந்துவிட்டது. இருப்பது இது ஒன்று. அடுத்த பருவம்வரை அவளுடைய ஆராய்ச்சிக்கு அவகாசம் கிடையாது. நாற்காலியில் உட்கார்ந்தாள், எழுந்தாள். குழாயைத் திறந்து கை கழுவினாள். கழுவிய கையையே மறுபடி கழுவினாள்.

இதுவரை தாயின் வயிற்றடியில் ஒட்டியிருந்த முட்டைக் கொத்தின் ஓரத்து முட்டைகளைத்தான் எடுத்திருந்தாள். ஓரத்துக்குக் காற்று தாராளம், அதனால் வேகம். வயிற்றை ஒட்டிய உள்ளடுக்கு மூச்சுக்குத் திணறிப் பின்தங்கும். அங்கே ஒருவேளை இருக்கலாம். ஆனால் கொத்தைப் பிளக்க வேண்டும். அதிகம் சீண்டினால் தாயே முட்டைகளைப் பிய்த்துப் போட்டுவிடும்.

"வந்து பிடி."

ஈரத்துணியில் நண்டைச் சுற்றிப் பிடித்தான்.

"கொடுக்கு என் விரல் பக்கமே வருதுக்கா."

"வரட்டும். உனக்கு வேணும்."

வயிற்று மடலை விரித்து இடுக்கியை உள்ளே விட்டாள். இதற்குமுன் அவ்வளவு ஆழம் போனதில்லை. ஏதோ அறுந்தது கைக்குத் தெரிந்தது. நிறுத்தவில்லை.

பத்துப் பதினைந்து முட்டைகள். லென்ஸுக்கடியில் வைத்தாள். பெரும்பாலானவற்றில் கறுப்புக் கோடு. நான்கில் இல்லை. மூச்சுவிடாமல் இன்னொரு முறை பார்த்தாள். நான்கில் இல்லை. ஃபார்மலினில் போட்டாள். இனி அவை எங்கும் ஓடாது. இழைகள் தொட்டனவா, மயிரிழை தூரத்தில் நின்றுவிட்டனவா என்பது சாயம் ஏற்றிய பிறகுதான் தெரியும்.

"கிடைச்சிடுச்சுல்லக்கா?"

"வாய மூடு."

நண்டைத் தொட்டிக்குள் இறக்கினாள். மூலைக்குப் போய் அசையாமல் கிடந்தது. பிறகு மெல்ல நிமிர்ந்து, மடலை விரித்து, சின்னக் கொடுக்கைக் கொத்துக்குள் நுழைத்தது.

"சுத்தம்தான் பண்ணுதுக்கா. தினமும் பண்றதுதானே."

அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டாள். கொடுக்கு உள்ளே போயிற்று, வெளியே வந்தது. ஒற்றை முட்டை தனியே பிரிந்து, தண்ணீரில் மெதுவாகச் சுழன்றபடி மேலே ஏறியது.