முதலில் இடைவேளை

எங்கள் ஊரில் சொந்தமாகப் படம் எடுக்கிறவர்கள் இடைவேளையை முதலில் எடுக்க வேண்டும். இடைவேளை ஓடினால் முதல் பாதியை எடுக்கலாம். முதல் பாதி ஓடினால்தான் இரண்டாம் பாதி. பெரிய கம்பெனிக்காரர்கள் வேறு வரிசையில் எடுப்பதாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கு வசதி இருக்கிறது.

என் இடைவேளையை ஒரே காலையில் எடுத்து முடித்தேன். கறுப்புப் பலகையில் மஞ்சள் பெயிண்டால் ‘இடைவேளை’ என்று எழுதிச் சுவரில் சாய்த்து வைத்தோம். கேமராமேன் இருதயராஜ் அதைக் கால் மணி நேரம் நிறுத்தாமல் படம் பிடித்தான். நடுவில் ஓர் எறும்பு ‘வே’யின் கொம்பில் ஏறி இறங்கியது. அதை வெட்ட வேண்டாம் என்று முடிவு செய்தோம். கதாநாயகி ஜெசிந்தாவுக்கு இடைவேளையில் காட்சி கிடையாது. இருந்தாலும் அவள் சேலை கட்டிப் பூ வைத்துக்கொண்டு, எடுத்து முடிக்கும்வரை கேமராவுக்குப் பின்னால் நின்றாள்.

ஜெசிந்தா நர்ஸ். மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. தை மாதம் கிளம்ப வேண்டும். அதற்குள் படம் முடியாவிட்டால் எனக்குப் படமே இல்லை. கதை அப்படி. அப்பா விட்டுப்போன பழைய லாரியை ஓட்டிக்கொண்டு உப்பளம் உப்பளமாகப் போய்ச் சுமை கேட்கிற ஒருத்தியின் கதை. எங்கள் பக்கத்தில் லாரி ஓட்டவும் தெரிந்து, கேமரா முன்னால் அழவும் தெரிந்தவள் ஜெசிந்தா மட்டும்தான்.

நீலா டாக்கீஸ் முதலாளி ஞானதிரவியம் அண்ணாச்சியிடம் போய்க் கேட்டேன்.

“எத்தன பேரு வருவாங்கடே?”

“தெரியல அண்ணாச்சி.”

“சரி, இடைவேளன்னா கதவத் தெறந்து போட்ருவோம். ஃபேன் வேண்டாம். ஓட்டு.”

முதல் நாள் ஒரு பெஞ்சுக்குக் காணாத கூட்டம். திரையில் எழுத்து வந்ததும் எல்லாரும் எழுந்து வெளியே போனார்கள். அதுதான் முறை. ஓர் இடைவேளை பிடித்திருக்கிறதா இல்லையா என்பது கேண்டீனில்தான் தெரியும். நான் தூண் பக்கமாக நின்று கேட்டேன்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருக்கும் கோமதிநாயகம் வாழைக்காய் பஜ்ஜியை ஊதிக்கொண்டே, “கெணத்துல விழுந்தாம்லா, அவன் சாகல. வேணும்னா பாரு” என்றார்.

“விழுந்தானா? மச்சினன்காரன்லா தள்ளிவிட்டான். தூங்கிட்டீகளாக்கும்?” என்றாள் கேண்டீன் நடத்தும் பொன்னுத்தாய் அக்கா.

“தள்ளல. கால் வழுக்குச்சு.”

“அப்ப கயிற எதுக்கு அறுத்தான்?”

கோமதிநாயகம் மிச்ச பஜ்ஜியை வாயில் போட்டுக்கொண்டார். அதற்குள் மணி அடித்துவிட்டது. உள்ளே போக ஒன்றும் இல்லாததால் எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். கயிறு விஷயத்தைச் சரியாகப் பார்ப்பதற்காக மறுநாள் அவர் திரும்ப வந்தார். மனைவியையும் அழைத்து வந்திருந்தார். இடைவேளை விட்டதும் அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, “மொத பாதிலயே இப்பிடி அழ வச்சா மிச்சத்த எப்பிடித் தாங்க?” என்றாள்.

அதற்குப் பிறகு நான் யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தள்ளிவிட்டான் என்கிறவர்கள் ஒரு பக்கமும் வழுக்கி விழுந்தான் என்கிறவர்கள் ஒரு பக்கமுமாக நின்று டீ குடித்தார்கள். இரண்டு பக்கத்தாரும் சொந்தக்காரர்களை வரவழைத்தார்கள். விளாத்திகுளம் பஸ் தியேட்டர் வாசலிலேயே நிற்க ஆரம்பித்தது. கார்த்திகை வந்தபோது பொன்னுத்தாய் அக்கா இரண்டாவது அடுப்பு போட்டாள்.

“ஓடுதுடே. மொத பாதிய எடுத்துரு” என்றார் அண்ணாச்சி.

செய்தி தெரிந்ததும் ஊர்க்காரர்கள் உதவிக்கு வந்தார்கள். ஒருவர் அறுந்த கயிறு கொண்டுவந்தார். நாலு வீட்டுக்காரர்கள் மச்சினன்களை அனுப்பிவைத்தார்கள். கோமதிநாயகம் தன் தோட்டத்துக் கிணற்றை மினி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். தண்ணீர் சிந்தாமல் இருக்க மேலே தார்ப்பாய் கட்டியிருந்தது. இறக்கும்போது ஒரு தவளை மட்டும் வெளியே குதித்தது. அதைப் பிடித்து உள்ளே போட்டோம்.

என் கதையில் கிணறு கிடையாது. ஆனால் கிணற்றைத் திருப்பி அனுப்பினால் கோமதிநாயகத்தின் முகம் வாடும். அவர் வராவிட்டால் அவர் பக்கத்து ஆட்கள் வரமாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் சண்டை போட ஆளில்லாமல் எதிர்ப்பக்கமும் வராது. இடைவேளை நின்றுபோகும். முதல் பாதியும் அதோடு போகும்.

ஜெசிந்தா கிணற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தாள்.

“இதுல நான் விழணுமா?”

“யாராச்சும் விழணும். ஊர்ல அப்பிடித்தான் பாத்திருக்காங்க.”

“லாரி ஓட்டணும்னுதான சொன்னீங்க? விழுறதுக்கு வேற ஆளப் பாருங்க. நான் ஓட்டத்தான் வந்தேன்.”

அவள் சொன்னது சரி. கதையில் அவளுக்கு யாரும் உப்பு ஏற்றித் தருவதில்லை. கடைசியில் ஒருவர் தருகிற முதல் சுமை எது என்பது எனக்கு ரொம்ப நாளாகப் பிடிபடாமல் இருந்தது. இப்போது அது தார்ப்பாய் கட்டி முன்னால் நின்றது. “இருதயம், கெணத்த நம்ம லாரில ஏத்து” என்றேன்.

ஜெசிந்தா கிணற்றை ஏற்றிக்கொண்டு வேம்பார் வரைக்கும் ஓட்டினாள். மேடு வந்தபோது தண்ணீர் தளும்பியது. அவள் வண்டியை மெதுவாக்கி, பின்பக்கம் திரும்பி, “இந்தா ஆச்சு, இந்தா ஆச்சு” என்றாள். அது வசனத்தில் இல்லை. இருதயராஜ் அதையும் எடுத்துக்கொண்டான். மச்சினன்கள் நாலு பேரும் கயிற்றால் கிணற்றை இறுகக் கட்டும் வேலை செய்தார்கள்.

முதல் பாதி தயாரானபோது தை பிறந்துவிட்டது. படம் திரைக்கு வருகிற அன்றைக்குத்தான் ஜெசிந்தாவுக்கு விமானம். தூத்துக்குடியில் ஏறிச் சென்னை, அங்கிருந்து மஸ்கட். முதல் பாதி ஓடுமுன் இரண்டாம் பாதியைத் தொடக்கூடாது என்பதால் நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

“என் லாரிய வேற எவளாச்சும் ஓட்டினா எனக்குக் கெட்ட கோவம் வரும், சொல்லிட்டேன்” என்றாள். பிறகு காரில் ஏறினாள்.

மதியக் காட்சிக்கு ஊரே வந்திருந்தது. கடைக்காரர்கள், பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், பஸ் டிரைவர், கண்டக்டர் எல்லாரும் உள்ளே இருந்தார்கள். கிணறு லாரியில் வந்ததும் சத்தம் அடங்கிவிட்டது. யாரும் விழவில்லை. யாரும் தள்ளவும் இல்லை. நான் கதவோரம் நின்றேன். முதல் பாதி முடிந்து பலகை வந்தது, எறும்பு ஏறி இறங்கியது. விளக்கு எரிந்தது. எல்லாரும் வெளியே வந்தார்கள்.

“நம்ம கெணறு நல்லா நடிச்சிருக்கு” என்றார் கோமதிநாயகம்.

“விழுந்தவன் எங்கய்யா?” என்று ஒருவர் கேட்டார்.

“அவன் போன வாரமே ஏறிட்டான். அது இடைவேளைலயே வந்துச்சே. நீங்க வரலயாக்கும்?” என்றாள் பொன்னுத்தாய் அக்கா.

“அதான பாத்தேன்” என்று அவர் டீயை வாங்கிக்கொண்டார். முதல் பாதி ஓடிவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

கால் மணி நேரம் ஆனது. அண்ணாச்சி மணி அடிக்கவில்லை.

“முன்னெல்லாம் உள்ள ஒண்ணும் இல்லன்னு அவங்களுக்கே தெரியும், அடிச்சேன். இப்ப மொத பாதி பாத்தவங்களுக்கு மிச்சம் இல்லாம அடிக்கக் கூடாதுடே. நீ எடுத்துட்டு வா. அதுவரைக்கும் இடைவேளதான்.”

எனவே இடைவேளை நீண்டது. ஊர் முழுதும் வெளியே நின்றதால் ஊர் முழுதும் இடைவேளை ஆனது. பஸ் கிளம்பவில்லை. பள்ளிக்கூடத்தில் பாதியில் விட்டு வந்த பாட்டு பாதியிலேயே நின்றது. முடிவெட்டும் கடையிலிருந்து பாதி வெட்டிய தலையோடு படத்துக்கு வந்திருந்தவர் அப்படியே முறுக்கு வாங்கினார்.

நாலு மணிக்குச் சென்னை விமானம் எங்கள் ஊருக்கு மேலே வந்தது. அங்கேயும் இடைவேளை விட்டார்கள். அது உப்பளத்து வரப்பை ஒட்டி இறங்கியது. பயணிகள் கையை நீட்டிச் சோம்பல் முறித்துக்கொண்டு வரிசையாகக் கேண்டீனுக்கு வந்தார்கள். பைலட் சட்னி இருக்கிறதா என்று கேட்டார். ஜெசிந்தா கடைசியாக இறங்கி, பையைப் பொன்னுத்தாய் அக்காவிடம் கொடுத்துவிட்டு, நேராக லாரிக்குப் போனாள்.

“எவ்வளவு நேரம் இருக்கு?” என்று கேட்டாள்.

“எடுத்து முடிக்கிற வரைக்கும்” என்றேன்.

இருதயராஜ் வெளிச்சம் போய்விடுமோ என்று மேற்கே பார்த்தான். சூரியன் அந்த இடத்திலேயே நின்றுகொண்டிருந்தது. பொன்னுத்தாய் அக்கா அதற்கு ஒரு டீ ஆற்றி, ஈ மொய்க்காமல் தட்டு போட்டு மூடி வைத்தாள்.