பெட்டியில்லாத லாண்ட்மாஸ்டர்

அந்த ஞாயிற்றுக்கிழமை, இலண்டனில் மிச்சம் என்ற பகுதியில் உள்ள வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள். யன்னலோரக் கதிரையில் சூசைதாசன், மடியில் கடிதத் தாளும் எழுதுவதற்கு அடியில் வைக்கப் பழைய நாட்காட்டி அட்டையும். நீள் சோபாவின் ஒரு முனையில் அவருடைய தங்கை றோஸ்மலர். தோர்ன்டன் ஹீத் தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு வந்தவள், கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மறுமுனையில் கணினியை முழங்காலில் வைத்துக்கொண்டு சூசைதாசனின் மகள் பெனிற்றா. சாப்பாட்டு மேசைக் கதிரையைத் திருப்பிப் போட்டு அதில் அடுத்த வீட்டு ஸ்ரீனிவாஸ். சூசைதாசனின் மனைவி பியற்றிஸுக்கு இருக்க இடமில்லாமல் இல்லை. அவள்தான் சமையலறை வாசலில் நிற்பேன் என்று நின்றாள். பேச்சையும் கேட்க வேண்டும், எண்ணெயில் பொரியும் ரோல்ஸும் கருகக் கூடாது.

கூடியது எதற்கென்றால், கனடாவில் ஸ்காபரோவில் இருக்கும் அத்தான் வீட்டு டிரைவ்வேயில் கொட்டும் பனியை அள்ளி எறிவதற்கு எந்த ஸ்னோபுளோவரை வாங்கிக் கொடுப்பது என்று முடிவெடுக்க. பனியைப் பற்றி அந்த அறைக்கு இருந்த அறிவு கொஞ்சம்தான். சூசைதாசனின் வீட்டு முன்னால் இரண்டு கார் நிற்க இடமுண்டு. எப்போதாவது அதில் பனி படிந்தால் மத்தியானத்துக்குள் தானாகக் கரைந்துவிடும், கரையாவிட்டால் கொஞ்சம் உப்புத் தூவினால் போதும். ஸ்ரீனிவாஸ் ஒருவர்தான் இலண்டனுக்கு வர முன்பு கனடாவின் வினிபெக்கில் வேலை பார்த்து, இடுப்பளவு பனிக்குள் நின்றவர். அதற்காகத்தான் அவரை மதில் தாண்டிக் கூப்பிட்டிருந்தார்கள்.

அத்தான் என்றால் சூசைதாசனின் அக்கா மெற்றில்டாவின் கணவர் சந்தியோகு. சித்திரை மாதம் அவருக்கு நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்தார்கள். இனிப் பனி வாரும் சவளைத் தொடக் கூடாது, குளிருக்குள் பனி அள்ளி எறிந்தால் இருதயம் தாங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லித்தான் அனுப்பினார். அத்தான் ஓம் ஓம் என்று தலையாட்டினார். கார்த்திகையில் முதல் பனி விழுந்த அன்று மெற்றில்டா விடியக் கண் விழித்துப் பார்த்தால் பக்கத்தில் ஆளில்லை. வெளியே சவள் கல்லில் உரசும் சத்தம் கேட்டது.

அவர்களுடைய மகன் டினேஷ் தூரத்தில், கல்கரியில் இருக்கிறான். அவன் காசு கட்டிப் பனி அள்ளுவதற்கு ஓர் ஆளை ஏற்பாடு செய்தான். அந்த ஆள் வருவதற்குள் அத்தான் எல்லாவற்றையும் வழித்துத் துப்புரவாக்கிவிட்டு, வந்தவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினார். பிறகு சூசைதாசன் தன் பங்குக்கு ஒரு சின்ன பற்றரி இயந்திரத்தை வாங்கி அனுப்பினார். கூடவே உடல்நலத்தைக் கவனிக்க வேண்டிய காரணங்களை ஒழுங்காக எழுதி ஒரு கடிதமும் வைத்தார். நோயாளியைப் பார்க்கப் போகிறவர் தோடம்பழம் கொண்டுபோவதுபோல அது போய்ச் சேர்ந்தது. அத்தான் பெட்டியைத் திறந்து பார்த்தார், நோயில் கிடக்கும் வருத்தக்காரருக்கு உதவும் என்று எதிர்வீட்டுக் கிழவருக்குக் கொடுத்துவிட்டார். மறுநாள் திரும்பவும் சவள்.

இனித் தை மாதத்துப் பனி வரப் போகிறது. அதற்குள் அந்தக் கையிலிருந்து சவளை வாங்காவிட்டால் அக்காவுக்குப் புருசன் மிஞ்சமாட்டார் என்ற பயம் எல்லாருக்கும் இருந்தது.

ஸ்ரீனிவாஸ் முதலில் விளக்கினார். வீதியைச் சுத்தம் செய்யும் வண்டி போகும்போது பனியை ஒதுக்கி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வரம்பு கட்டிவிட்டுப் போகும். அது இறுகிக் கல்லாகிவிடும். சின்ன இயந்திரம் அதில் முட்டிக்கொண்டு நிற்கும், பிறகு மனிதர் சவளைத்தான் எடுப்பார். ஆகவே பெற்றோலில் ஓடுகிற, சக்கரச் சில்லு பூட்டிய, முன்வாயால் பனியைக் கடித்து மேல்குழாயால் தூர எறிகிற பெரிய சாதிதான் வேண்டும் என்றார். பெனிற்றா செயற்கைக்கோள் படத்தில் மாமாவின் டிரைவ்வேயைத் தேடிப் பிடித்தாள். இரண்டு கார் அகலம், நல்ல நீளம். ஸ்ரீனிவாஸ் பார்த்துவிட்டு, ஆமா, இதுக்குப் பெரிசுதான் என்றார்.

றோஸ்மலருக்கு அது பிடிக்கவில்லை.

"நெஞ்சு தைச்ச மனுசனுக்கு மாடு மாதிரி ஒரு மெசினை வாங்கிக் குடுத்தால் அக்கா எங்களை என்ன சொல்லுவா? தூக்கக் கூடாது எண்டுதானே இவ்வளவு பாடும்."

"தூக்கவும் வேணாம், தள்ளவும் வேணாங்க," என்றார் ஸ்ரீனிவாஸ். "அதுவாவே போகும். பின்னாடி நடந்தாப் போதும். உடம்புக்கு ஏதாவது பண்ணுச்சுன்னு ரெண்டு கையையும் விட்டுட்டா, அங்கேயே நின்னுடும்."

கடைசி வசனத்தைச் சூசைதாசன் தாளில் எழுதி அடியில் கோடிட்டார். ஆனால் மனம் தெளியவில்லை. நல்லதோ கெட்டதோ, அத்தான் ஏற்றுக்கொள்ள வேண்டுமே. எதிர்வீட்டுக் கிழவருக்கு இரண்டாவது இயந்திரமும் கிடைத்துவிடும் என்று பியற்றிஸ் வாசலில் நின்றபடி நினைவூட்டினாள்.

பெனிற்றா படங்களைத் தள்ளித் தள்ளிக் கொண்டுபோய் ஒன்றில் நிறுத்திக் கணினியைத் தகப்பன் பக்கம் திருப்பினாள். வாங்கிய ஒருவர் பின்னால் நின்று எடுத்து விட்டிருந்த படம் அது. நடுவில் இயந்திரம், இரண்டு பக்கமும் தடித்த சில்லு, பின்னோக்கி நீண்ட இரண்டு கைபிடிகள், கைபிடியின் கீழே விரலால் அழுத்தும் நெம்புகள்.

சூசைதாசனின் பேனை நின்றுவிட்டது. றோஸ்மலர் சோபாவின் நுனிக்கு நகர்ந்து உற்றுப் பார்த்தாள்.

"அண்ணை," என்றாள். "இது அத்தான்ர லாண்ட்மாஸ்டரெல்லோ."

ஸ்ரீனிவாஸ் விளங்காமல் பார்க்க, சூசைதாசன் கையால் காட்டினார். இரண்டு சில்லு உழவு இயந்திரம். பின்னால் நடந்து உழலாம், பின்னால் ஆள் ஏற்றும் இழுவைப் பெட்டியைக் கொளுவினால் ஏறியிருந்து ஓட்டலாம். ஓ, பவர் டில்லரா என்றார் ஸ்ரீனிவாஸ். அவருடைய ஊரில் அதற்கு அந்தப் பெயர்.

அந்தக் கதையைப் பெனிற்றா துண்டு துண்டாகத்தான் கேட்டிருக்கிறாள். சூசைதாசன் முழுவதையும் சொன்னார். தொண்ணூறாம் ஆண்டு போரில் இடம்பெயர்ந்தபோது சந்தியோகு அவர்களுக்கு உறவில்லை, அயலில் வயல் உழுகிற பெடியன். மன்னார்க் கரைவரை கொண்டுபோய் விடுகிறேன் என்று லாண்ட்மாஸ்டர்ப் பெட்டியில் இவர்கள் எல்லாரையும் ஏற்றினான். றோஸ்மலர் அப்போது சின்னப்பிள்ளை, காய்ச்சலில் சாக்குக்கு மேலே சுருண்டு கிடந்தாள். கரையில் இந்தியாவுக்கு ஏற்றிப்போகும் படகோட்டி ஆட்களைப் பார்த்தான், கொடுத்ததைப் பார்த்தான், இவ்வளவு பேரை ஏற்ற இது காணாது என்று சொல்லிவிட்டான். அம்மாவின் காதில் கழுத்தில் கழற்ற ஒன்றும் மிச்சமில்லை. சந்தியோகு ஒருவரையும் கேட்கவில்லை. மணலில் நின்ற லாண்ட்மாஸ்டரைக் காட்டி, அதை நீ எடு, இவையளை ஏத்து என்றான். வண்டி போனபிறகு நடந்து திரும்பி என்ன செய்ய என்று அவனும் ஏறிக்கொண்டான். இந்தியாவில் மண்டபம் அகதி முகாமில் மெற்றில்டாவைக் கைப்பிடித்தபோது சீதனம் என்ற சொல்லே எழவில்லை. வண்டி போன கவலையில் ஏறினவரோ, அக்காவைப் பார்த்து ஏறினவரோ என்று குடும்பத்துக்குள் இன்றைக்கும் பகிடி உண்டு. பகிடியாகச் சொன்னார்களே தவிர, வண்டியைக் கொடுத்ததற்காக ஒரு வார்த்தை அவரிடம் ஒருவரும் சொன்னதில்லை. வீட்டு மனிதருக்கு நன்றி சொன்னால் அவர் பிறத்தியாகிவிடுவார் என்று நினைக்கிற குடும்பம் அது.

பியற்றிஸ் ரோல்ஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவைக் கேளுங்கோவன் என்றாள்.

றோஸ்மலர் தொலைபேசியில் எடுத்தாள். மெற்றில்டா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெல்லிய குரலில் பேசினாள். சில்லு பூட்டின மெசினுக்குப் பின்னால் நடக்கலாமோ என்று தானே மருத்துவரிடம் கேட்டதாகவும், ஆறுதலாக நடக்கலாம், அள்ளவும் எறியவும்தான் கூடாது என்று அவர் சொன்னதாகவும் சொன்னாள். பிறகு, ஏன் கேட்கிறீர்கள் என்றாள். பெரிய மெசின் ஒன்றைப் பார்த்திருக்கிறோம், பின்னால் நீளக் கைபிடி என்று றோஸ்மலர் சொன்னாள்.

"கடையில அதுகள் வரிசையா நிக்கும்," என்றாள் மெற்றில்டா. "ஒவ்வொரு மாரிக்கும் போவார். கைபிடியைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்ச நேரம் நிப்பார். பிறகு பால் வாங்கிக்கொண்டு வந்திடுவார்."

"வாங்கியிருக்கலாமே அக்கா."

"தனக்கெண்டு அந்த மனுசன் எப்பயடி வாங்கினது?"

அதோடு தேர்வு முடிந்தது. சில்லு தானாக ஓடுவது, மின்வயரைச் சுவரில் செருகிச் சுவிட்ச் ஆளியை அழுத்தினால் தொடங்குவது, கைபிடிக்குச் சூடு வருவது என்று ஸ்ரீனிவாஸ் சொன்னவற்றைப் பெனிற்றா ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, ஸ்காபரோக் கடை ஒன்றில் ஓடர் கொடுத்தாள். ஒரு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்து தருவார்கள். அதற்கு முன் கடிதம் போய்ச் சேர வேண்டும். தொலைபேசியில் சொன்னால் அத்தான் ஓம் ஓம் என்றுவிட்டு, இந்தா கொக்கா என்று தொலைபேசியை அக்காவிடம் கைமாற்றிவிடுவார். கடிதம் என்றால் கண்ணாடி போட்டு மேசைக்கு முன் உட்கார்ந்து கடைசி எழுத்துவரை வாசிக்கிற மனிதர்.

பொழுதுபட ஸ்ரீனிவாஸ் போய்விட்டார். சூசைதாசன் சாப்பாட்டு மேசையில் எழுத உட்கார்ந்தார். முதல் தாள் நிறைய எழுதினார். பாசமும் மரியாதையும் நிறைந்த, தாங்கள் எமக்காற்றிய, என்றென்றும் மறவாத. பியற்றிஸ் தோளுக்கு மேலால் வாசித்தாள்.

"ஆயருக்கு எழுதுற மாதிரிக் கிடக்கு. வாசிச்சுப்போட்டு அவர் முழங்காலிலையோ இருக்கிறது?"

சூசைதாசன் அந்தத் தாளை மடித்து ஒருபக்கம் வைத்தார். கதைத்தால் எப்படிச் சொல்வேனோ அப்படி எழுதுகிறேன் என்றார். கனநேரம் பேனையை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு எழுதினார்:

"அத்தான், சனிக்கிழமை உங்கட வீட்டு வாசலுக்கு ஒரு வண்டி வரும். அதை எதிர்வீட்டுக்குக் குடுக்க வேண்டாம். இது வருத்தக்காரருக்கு வாங்கின சாமான் இல்லை, பரிசும் இல்லை. கரையில நீங்கள் விட்டிட்டு வந்த வண்டியின்ர இடத்துக்கு வருகுது. திருப்பித் தரச் சுணங்கிப்போச்சு, குறை நினைக்க வேண்டாம். பிடிச்சுப் பாருங்கோ, கைபிடி பழகினதுபோல இருக்கும். இடது கை நெம்பு சில்லுக்கு, வலது கை வாய்க்கு. களைச்சால் ரெண்டையும் விடுங்கோ, நிண்டிடும். வாயில பனி அடைச்சால் உள்ளுக்குக் கையை வைக்க வேண்டாம், அதோட வாற தடியால தட்டுங்கோ. இதுக்குப் பெட்டி கிடையாது. ஆக்களை ஏத்தத் தேவையில்லை, அத்தான். நீங்கள் ஏத்தினவை எல்லாரும் வந்து சேர்ந்திட்டம்."

பியற்றிஸ் வாசித்தாள். அடுப்பை நிறுத்தப் போனாள். றோஸ்மலர் பேனையை வாங்கி அடியில் ஒரு வரி சேர்த்தாள்: "சாக்குக்கு மேல படுத்திருந்த எனக்கும் இப்ப தலைமயிர் நரைச்சிட்டுது, சவளைத் தயவுசெய்து உள்ளுக்கு வையுங்கோ." பெனிற்றா தமிழில் தன் பெயரை மட்டும் எழுதினாள். ஞானஸ்நானத்தில் தன்னைத் தூக்கிப் பிடித்த மாமாவுக்கு அது போதும் என்றாள்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் சூசைதாசன் ட்ராம் நிறுத்தத்துக்குப் போகாமல் தபால் கந்தோருக்குத் திரும்பினார். வரிசையில் நின்றபடி கடிதத்தை வெளியே எடுத்து இன்னொரு முறை வாசித்தார். ஒன்றையும் மாற்றவில்லை. உறையின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டி, ஒட்டினது விடாமல் பெருவிரலால் முனையிலிருந்து முனைக்கு அழுத்தித் தேய்த்தார். சனிக்கிழமைக்கு முன் போய்ச் சேருமோ என்று கேட்டார். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண் அடுத்த வாரம் வியாழக்கிழமையே சேரும் என்று சொல்லிச் சீட்டை ஒட்டி, உறையைப் பின்னால் இருந்த சாக்குக்குள் போட்டாள்.