போளூர்ப் பனியில் ஒரு வாளி பெயிண்ட்

மலைச்சாமிக்குப் பேரில்தான் மலை. பழனி அடிவாரத்திலேயே பெயிண்ட் அடித்துக் காலம் தள்ளியவர், மலைமேலிருக்கும் போளூர் வரை ஏறியது இந்தத் தை மாதம்தான். அங்கே இருளாயி கட்டிய புது வீட்டில் நாளை மறுநாள் பால் காய்ச்சுகிறார்கள். முன்சுவர் இன்னும் பாதி பாக்கி. மிச்சமிருந்த ஊதா பெயிண்டில் ஆடை படியாமலிருக்க, மேலாக ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றி, வாளியை வாசலிலேயே விட்டுவிட்டுப் படுத்தார். கீழே எப்போதும் அப்படித்தான் செய்வார்.

விடிந்து கதவைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். புல், கல், கம்பிவேலி எல்லாம் வெள்ளை. கொடியில் காயப்போட்ட துண்டு அட்டையாக விறைத்திருந்தது. ஐம்பது வயது ஆளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரஷும் இல்லாமல் ரோலரும் இல்லாமல் ஒரே ராத்திரியில் ஊருக்கே வெள்ளையடித்தவன் எவனோ, அவனை நினைத்துக் கும்பிட்டார்.

பிறகுதான் வாளி ஞாபகம் வந்தது. கரண்டியால் தட்டினால் கல்லைத் தட்டியதுபோலக் கேட்டது. அந்த ஊதா கடையில் கிடைக்காது. சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு அவரே கலந்தது. மறுபடி கலந்தால் சுவர் இரண்டு நிறமாகப் பல்லிளிக்கும்.

அடுப்போரம் வைக்கக் கை பரபரத்தது. அவசரச் சூட்டில் திரிந்துவிட்டால் என்ன செய்வது? வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சாக்கைச் சுற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தார். உச்சிப்பொழுதில்தான் இளகியது. கிண்டினால் திப்பி திப்பியாக வந்தது. ஆனாலும் கையை நிறுத்தவில்லை. திப்பி மெல்லக் கரைந்து, கடைசியில் பெயிண்ட் குச்சியிலிருந்து வழுவழுவென்று ஒழுகியது. பின்சுவரில் ஓரிடத்தில் இழுத்து, காயவிட்டு, ஈரத்துணியால் தேய்த்துப் பார்த்தார். துணியில் நிறம் ஒட்டவில்லை. கல்லாய்க் கிடந்தது உயிரோடு எழுந்து வந்துவிட்டது.

இருளாயியிடம் சொல்ல ஓடினார். அந்தம்மாள் தன் பீன்ஸ் தோட்டத்தில் நின்றிருந்தார். வெயில் ஏற ஏற, பனி பட்ட கொடியெல்லாம் கருகி, வெந்த கீரையாகத் தொங்கியது. ஒன்றுகூடத் தப்பவில்லை. காலையில் கும்பிட்டதை நினைத்து மலைச்சாமிக்கு உடம்பு கூசியது.

பெயிண்ட் என்ன ஆச்சு என்று அந்தம்மாளே கேட்டார். தேறிவிட்டது என்று இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணாச்சும் தேறுச்சே. பொழுது சாயறதுக்குள்ள வெரசா அடிங்க தம்பி. நாளைக்குப் பாலு பொங்கணும்ல."

சொல்லிவிட்டுக் குனிந்து கருகிய கொடிகளைப் பிடுங்க ஆரம்பித்தார். மலைச்சாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இப்படி ஒரு மனுஷியை அவர் பார்த்ததே இல்லை. விறுவிறுவென்று போய்ப் பிரஷை எடுத்தார்.